ஓ நெகட்டிவ், பதினோரு பேர்

ஐம்பத்தெட்டு அண்ணாச்சி. நூத்துக்கு ஐம்பத்தெட்டு. கூட இருந்தவளுக்கு எண்பத்தொண்ணு. ஒரே ப்ராஜெக்ட், ஒரே வெப்சைட், ரெண்டே பேரு. அதுல முக்காவாசி என் கையால செஞ்சது. இது எந்த ஊரு நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

நீங்க பாட்டுக்கு ‘என்ன படிக்கீங்க தம்பி’ன்னு கேட்டீங்க, நான் மார்க்கச் சொல்லுதேன். சிரிக்காதீங்க. பி.சி.ஏ., இப்பந்தான் முடிஞ்சுது. பேரு இசக்கிராஜா. நீங்க கடைசி ஸ்டாப்பு வரைக்குமா? அப்பம் வெவரமாச் சொல்லுதேன். வீட்டுல இதச் சொல்லல. கூட்டாளிகள்ட்டயும் பாதிதான் சொல்லிருக்கேன்.

எங்க காலேஜுல கடைசி செமஸ்டருக்கு எல்லாரும் ஒரு வெப்சைட் செஞ்சு காட்டணும். ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு விட்டாங்க. எனக்கு ஜெனோவா. நல்லாப் படிப்பா, ஆனா வாயத் தொறக்க மாட்டா. அப்படித்தான் அப்பம் நெனச்சேன். எங்களுக்குக் கைடு செண்பகம் மேடம். என்ன தலைப்புன்னு கேட்டாங்க. ஒருத்தன் துணிக்கடைன்னான், ஒருத்தன் ஓட்டலுன்னான். நான் எந்திரிச்சு ரத்ததானம்னேன். யாருக்காவது ரத்தம் வேணும்னா எங்க சைட்டத் தொறந்து எந்த குரூப்பு, எந்த ஊருன்னு தட்டுனாப் போதும், கொடுக்கவங்க பேரும் போன் நம்பரும் வரிசையா வந்து நிக்கும். மேடத்துக்கு மொகமெல்லாம் சிரிப்பு. ‘நாலு பேருக்கு நெசமாவே ஒதவணும் இசக்கி’ன்னாங்க. யோசனை என்னுது அண்ணாச்சி. அத இப்பம் யாரும் பேச மாட்டாங்க.

அன்னிக்கே ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, ஒவ்வொரு பக்கமும் எப்படி இருக்கணும்னு கட்டம் கட்டமா வரைஞ்சேன். மொதப் பக்கத்துல மேல ஒரு செவப்புத் துளி. நடுவுல தேடுத பெட்டி. கீழ, இதுவரைக்கும் எத்தன பேரு வந்து பாத்திருக்காங்கன்னு ஓடுத எண்ணு. அந்தத் துளி மேல இருந்து விழுந்து செதறுத மாதிரி வைக்க மட்டும் எனக்கு ஒம்பது நாளு ஆச்சு. ஜெனோவாவுக்கு லேசான வேலதான். ரத்தம் கொடுக்கவங்களப் பாத்துப் பேசி, பேரு, குரூப்பு, நம்பரு வாங்கணும். இருநூறு பேராவது இருக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு எத்தன பேரு கொண்டு வந்தா தெரியுமா? இருபத்திமூணு.

‘என்ன ஜெனோவா இது?’ன்னேன்.

‘ஒவ்வொருத்தர்ட்டயும் நேருல போயிக் கேக்கேன் இசக்கி. கடைசியா எப்பம் கொடுத்தீங்க, திடீர்னு கூப்புட்டா வருவீங்களான்னு கேக்கேன். வாரேன்னு சொன்னவங்களத்தான் எழுதிருக்கேன்.’

‘இப்படிப் போனா அடுத்த வருசந்தான் முடியும்.’

‘அதுக்கு நான் என்ன செய்ய?’ன்னா.

புதன்கிழமை ரிவ்யூ. திங்கக்கிழமை லேபுல உக்காந்து மிச்சம் நூத்தி எழுபத்தேழையும் நானே போட்டு முடிச்சேன். பேரு எங்க இருந்து வந்துதுங்கீங்களா? எங்க தெருவுல உள்ள பேரு, கிரிக்கெட் டீமுல உள்ள பேரு, எல்லாத்தையும் முன்ன பின்ன மாத்திப் போட்டேன். நம்பரு கைக்கு வந்தது. ஒம்பதுல ஆரம்பிக்கணும், பத்து எண்ணு இருக்கணும், அம்புட்டுத்தான். ஓ நெகட்டிவ் ரொம்ப அபூர்வம்னு படிச்சிருந்தேன், அதனால அத மட்டும் கொறச்சுப் போட்டேன். எங்க ஊருக்குப் பத்துப் பேரு. ஜெனோவா கொண்டு வந்ததுல ஒருத்தரு உண்டு, ஆக பதினொண்ணு. இதெல்லாம் எல்லாரும் செய்யுததுதான் அண்ணாச்சி. டம்மி டேட்டான்னு பேரு. எங்க பாடப் புஸ்தகத்துலயே இருக்கு.

ரிவ்யூல மேடம் கை தட்டுனாங்க. வெளிய வந்ததும் ஜெனோவா என்னப் பிடிச்சுக்கிட்டா.

‘இவங்கள்லாம் யாரு?’

‘டம்மி.’

‘அப்பம் டம்மின்னு எழுது. சைட்டு வெளிய கெடக்கு, யாரு வேணும்னாலும் பாக்கலாம்.’

‘அப்படி எழுதுனா யாரு மதிப்பா? டெமோ முடிஞ்ச அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிருதேன். சத்தியமா.’

அவ நம்பல போலிருக்கு. மறுநா பாக்கேன், மொதப் பக்கத்துல, என் துளிக்கு மேல, ‘இது மாணவர் பயிற்சி, எண்கள் சரிபார்க்கப்படவில்லை’ன்னு கொட்டெழுத்துல ஒரு வரி. எப்படி இருக்கும்? ஒம்பது நாளு ஒழைப்பு அண்ணாச்சி. வரிய எடுத்தேன். எடுத்துட்டு பாஸ்வேர்டயும் மாத்திட்டேன். கோவத்துல இல்ல. ஒரு வேலன்னா பொறுப்புக்கு ஒருத்தன்தான் இருக்கணும்லா?

அவ ஒரு வாரம் பேசல. பெறவு ஒரு நா வந்து, ‘மேடத்துட்ட சொல்லப் போறேன்’ன்னா. ‘சொன்னா ஒனக்கும் மார்க்கு போகும், ரெண்டு பேரு பேருந்தான போட்டிருக்கு’ன்னேன். நின்னு பாத்தா. போயிட்டா. சொல்லல. அதனால தப்பு என் ஒருத்தன்து மட்டும்னு சொல்ல முடியாது, என்னா?

இன்னொண்ணு. அந்த ஓடுத எண்ணு இருக்குல்லா, அது முப்பத்தெட்டுலயே நின்னுக்கிட்டு இருந்துது. அதுல பாதி நானே தொறந்து தொறந்து பாத்தது. அதனால லிங்க எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்பு எல்லாத்துலயும் போட்டு விட்டேன். ‘அவசர ரத்தத்துக்கு இருபத்திநாலு மணி நேரமும்’னு மேல எழுதி. அப்பம் பாக்கணும் அண்ணாச்சி. நூறு, முந்நூறு, ஆயிரம்னு ஏறுது. எங்க க்ளாஸுல எவன் சைட்டுக்கும் அம்பதுகூடத் தாண்டல. எனக்குச் சோறே எறங்கல, அவ்வளவு சந்தோசம்.

டெமோ அன்னிக்கு காலையில பத்து மணிக்கெல்லாம் லேபுக்கு வெளிய வரிசையா நிக்கோம். வேற காலேஜுல இருந்து ஒரு சார் எக்ஸ்டர்னலா மார்க்கு போட வந்திருந்தாரு. கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒவ்வொருத்தனையும் கால் மணி நேரம் வறுத்து எடுக்காரு. எங்களுக்கு முன்னால ரெண்டு டீமு. அப்பந்தான் ஜெனோவா போன் அடிச்சுது. சைட்டுக்குக் கீழ ‘தொடர்புக்கு’ன்னு அவ நம்பரத்தான் போட்டிருந்தோம்.

அவ எடுத்தா. கேட்டுக்கிட்டே நிக்கா. அவ மொகம் மாறுதத நான் பாக்கேன். பெறவு போன என் காதுல வச்சா.

ஒரு ஆம்பளக் கொரலு. ‘யம்மா, காலையில எட்டு மணியில இருந்து அடிக்கேன்ம்மா. நீங்க போட்டிருக்க பதினோரு நம்பருக்கும் போட்டுட்டேன். ஒண்ணு ஈரோட்டுல ஏதோ மரக்கடைங்காங்க. ஒண்ணுல ஒரு பொம்பள திட்டுது. ஒண்ணு ஸ்விட்ச் ஆஃப்ங்கு. மத்ததெல்லாம் அப்படி ஒரு நம்பரே இல்லைங்கு. ஒண்ணு மட்டும் மணி அடிக்கு, எடுக்க மாட்டேங்காவ. எம் பொண்டாட்டிக்குப் பிள்ள பொறந்து ரத்தம் நிக்கலம்மா. ரத்த பேங்குல ரெண்டு பாட்டுலுதான் இருந்துது, ஏத்தியாச்சு. இன்னும் வேணுங்காங்க. வேற யாராவது இருக்காங்களாம்மா?’

நான் போனத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

ஜெனோவா அவர்ட்ட, ‘அண்ணே, எந்த ஆஸ்பத்திரி? நான் ஆளோட வாரேன், நீங்க அங்கயே இருங்க’ன்னு சொல்லி வச்சா. அந்த மணி அடிச்சும் எடுக்காத நம்பரு எங்க காலேஜு லைப்ரரில வேல பாக்காரே, தங்கப்பழம் அண்ணன், அவரு நம்பரு. லைப்ரரிக்குள்ள போன சத்தமில்லாம வச்சிருப்பாரு. அவ கொண்டு வந்த இருபத்திமூணுல அவரு ஒருத்தரு.

‘இசக்கி, பைக் சாவியத் தா. அவரக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ இப்பமே உள்ள போயி அந்தப் பொய் நம்பரையெல்லாம் அழி. அவரு மறுபடி மறுபடி அதுக்கே போட்டுக்கிட்டு இருப்பாரு.’

‘அடுத்து நம்மதான் ஜெனோவா. பத்து நிமிசம். காட்டிட்டு ரெண்டு பேரும் சேந்து போவோம்.’

‘ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு இசக்கி!’

‘அழிச்சா என்னத்தக் காட்ட? பத்து நிமிசந்தான சொல்லுதேன்!’

பத்து நிமிசம்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. போகாதன்னு சொல்லல. அவ என்ன ஒரு பார்வ பாத்தா. அந்தானைக்கு லைப்ரரிப் பக்கம் ஓடுதா. அப்பம் எங்க பேர உள்ள கூப்புட்டாங்க. நான் போயிட்டேன். சாவி என் பையில.

உள்ள போனா, சார் நல்லா ரசிச்சுப் பாத்தாரு. துளி விழுந்து செதறுததப் பாத்து, ‘இத நீங்களே செஞ்சீங்களா?’ன்னாரு. ஆமா சார்னேன். ஓடுத எண்ணப் பாத்தாரு, ஆயிரத்து நூத்துச் சொச்சம். புருவத்தத் தூக்குனாரு. ‘கூட உள்ள பொண்ணு எங்க?’ன்னு கேட்டாரு, ‘வந்துருவா சார்’னேன். மனசு வாசல்லயே நிக்கு, ஆனா வாயி மட்டும் நல்லாப் பேசுது. அது எப்படின்னு எனக்கே தெரியல.

‘சரி, கஷ்டமான குரூப்பாப் பாப்போம். ஓ நெகட்டிவ் போடுங்க.’

எட்டு குரூப்பு இருக்கு. அவரு அதத்தான் கேக்கணுமா? போட்டேன். பதினோரு பேரும் வரிசையா வந்து நின்னாங்க. மொத ஆளு ஆனந்தராஜ். ‘அடேங்கப்பா’ன்னாரு சார். செண்பகம் மேடம் என்னப் பாத்து லேசாத் தலைய ஆட்டுனாங்க.

கதவத் தட்டாம ஜெனோவா உள்ள வந்தா. மூச்சு வாங்குது. பின்னால வாசல்ல தங்கப்பழம் அண்ணன் நிக்காரு.

‘மன்னிச்சிருங்க சார். இசக்கி, சாவி.’

‘ஒரு நிமிசம், சார் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காரு.’ மெதுவாத்தான் சொன்னேன்.

அவ என்ன விட்டுட்டு சாரப் பாத்துத் திரும்புனா. திரையக் கையக் காட்டுனா. ‘சார், இந்தப் பதினொண்ணுல இந்த அண்ணன் ஒருத்தருதான் நெசம். மத்த பத்தும் இவன் உக்காந்து எழுதுனது. ஒரு பொம்பள பிள்ளையப் பெத்துட்டு ஆஸ்பத்திரில கெடக்கா. அவ வீட்டுக்காரரு இந்தப் பத்தையும் நம்பிக் காலையில இருந்து போன் அடிச்சுக்கிட்டு இருக்காரு. எனக்கும் தெரியும் சார். தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்துட்டேன்.’

நான் சாவிய எடுத்துக் கொடுத்தேன். அத மட்டும் மறந்துராதீங்க அண்ணாச்சி, கொடுத்தது நாந்தான். என் பைக்குலதான் அவங்க போனாங்க.

சார் கண்ணாடியக் கழத்தி மேசையில வச்சாரு. ‘மொதல்ல அத எறக்கு’ன்னாரு. அதுவரைக்கும் வாங்க போங்கன்னு பேசுன மனுசன். பாஸ்வேர்டப் போடுதேன், தப்புங்கு. மறுபடி போடுதேன், தப்புங்கு. நான் மாத்துன பாஸ்வேர்டு எனக்கே கையில வரல. நாலாவது தடவ தொறந்துது. அழிச்சேன். துளி, பெட்டி, ஆயிரத்து நூத்துச் சொச்சம், எல்லாம் போயி வெள்ளையா நின்னுது. ‘போயிரு’ன்னாரு சார். மேடம் குனிஞ்சு ஏதோ எழுதிக்கிட்டு இருந்தாங்க. நிமிரல.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. பைக் இல்லைல்லா. பஸ்ஸு இருக்குதுதான், ஆனா போயி என்ன செய்ய? என் குரூப்பு வேற.

சாயங்காலம் ஜெனோவா பைக்க விட வந்தா. நான் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன்.

‘என்னாச்சு?’

‘பொழச்சுக்கிட்டா. பிள்ளையும் நல்லாருக்கு.’

எனக்கு அப்பந்தான் மூச்சே வந்துது. ஆனா அவ சாவியக் கொடுக்காம கையிலயே வச்சிருந்தா.

‘தங்கப்பழம் அண்ணன் ரத்தத்த எடுத்து, டெஸ்ட் பண்ணி, ஏத்துததுக்குள்ள நேரமாயிருச்சு. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. ஒரு ஒண்ணர மணி நேரம் முந்தி வந்திருந்தா எடுக்காமப் பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. அவளுக்கு இருபத்திமூணு வயசு இசக்கி.’

பாத்திருக்கலாம்னுதான் டாக்டர் சொன்னது. கண்டிப்பான்னு சொல்லல. நான் அத ஜெனோவாட்ட சொன்னேன். அவ சாவிய என் கையில வைக்காம திண்டு மேல வச்சுட்டுப் போயிட்டா.

அன்னிக்குப் போன் அடிச்சவரு பேரு சுடலைமுத்து. கொத்தனாரு. அவருக்கு இன்னிக்கு வரைக்கும் எதுவும் தெரியாது. அந்த நெலமையில சொல்ல மனசு வரலன்னு ஜெனோவாவும் சொல்லல. பதினோரு பேரு இருந்தாங்க, அன்னிக்குன்னு பாத்து யாருக்கும் போகலன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு.

போன வாரம் ஜெனோவா போன் பண்ணுனா. ‘பிள்ளைக்குப் பேரு விடுதாங்களாம். என்னையும் தங்கப்பழம் அண்ணனையும் கூப்புட்டிருக்காங்க. சைட்டு போட்ட தம்பியும் வரணும்னு ஒன்னையும் சொன்னாரு.’

‘நான் எதுக்கு?’

‘நீ வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அது ஒன் வாயால வரணும்.’

இப்பம் அங்க இருந்துதான் அண்ணாச்சி வாரேன்.

சொல்லத்தான் போனேன். பொய் சொல்லல. ராத்திரியெல்லாம் எப்படி ஆரம்பிக்கன்னு யோசிச்சு வச்சிருந்தேன். உள்ள நொழஞ்சதும் அந்த மனுசன் ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. சிமெண்டுல வேல செஞ்ச கை, உப்புத்தாளு மாதிரி இருக்கு. ‘இந்தத் தம்பிதான் கம்பியூட்டர்ல போட்டது, இவுகளாலதான் எம் பொண்டாட்டி உசுரோட இருக்கா’ன்னு வந்தவங்க எல்லார்ட்டயும் சொல்லுதாரு. மாமனாரு எந்திரிச்சு நாற்காலி கொடுக்காரு. எப்படி அண்ணாச்சி சொல்ல? நீங்க சொல்லுவீங்களா? பந்தியில என்ன மொதல்ல உக்கார வச்சாங்க. எதுத்தாப்புல ஜெனோவா. அவ எலையப் பாக்கவே இல்ல, என்னயத்தான் பாக்கா.

சாப்புட்டு முடிச்சதும் அவரு என்னத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ‘தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்த லிஸ்டுல மொத ஆளு, ஆனந்தராஜ். அன்னிக்கு அவரு நம்பரு ஒண்ணுதான் ஸ்விட்ச் ஆஃப்னு வந்துது. வேலையில இருப்பாரு, போட்டுருவாருன்னு ஆஸ்பத்திரி வாசல்லயே முக்கா மணி நேரம் அவருக்குன்னு காத்துக்கிட்டு நின்னேன். அவரு நம்மூருதானா? அப்படி ஒருத்தரு இருக்காருல்லா?’

அதுதான் எடம் அண்ணாச்சி. கேட்டுட்டாரு. இல்லன்னு ஒரு வார்த்த.

‘இருக்காருண்ணே’ன்னேன். ‘வெளியூரு போயிருந்தாராம்.’

அந்த மனுசன் மனசு நோகக் கூடாதுன்னுதான் சொன்னேன். அந்த முக்கா மணி நேரம் இல்லாத ஒரு ஆளுக்காக நின்னதுன்னு தெரிஞ்சா தாங்குவாரா? நான் சொன்னது நல்லதுக்குத்தான். ஆனா திரும்பிப் பாத்தா ஜெனோவா பின்னால நிக்கா. கேட்டுட்டா. தங்கப்பழம் அண்ணன் வண்டியில ஏறிப் போயிட்டா. என்ட்ட போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லல.

சுடலைமுத்து அண்ணன் என்ன பஸ் ஏத்தி விடணும்னு கூடவே நடந்து வந்தாரு. நிக்கும்போது போன எடுத்தாரு. ‘அப்பப்பம் போட்டுப் பாக்கேன் தம்பி, அவரு எடுக்க மாட்டேங்காரு. அன்னிக்கு வர முடியலன்னு மனசுல வச்சிருப்பாரோ என்னவோ.’ என் கண்ணு முன்னாலயே போட்டாரு. ஸ்பீக்கர்ல அந்தப் பொம்பளக் கொரலு, அணைச்சு வைக்கப்பட்டுள்ளதுங்கு. ‘பாத்தீங்கன்னா சொல்லிருங்க. பிள்ள நல்லாருக்கு, தாயும் நல்லாருக்கா, அவரு சங்கடப்பட வேண்டாம்னு.’

சரிண்ணே, சொல்லிருதேன்னேன். பஸ்ஸு வந்துது. ஏறிட்டேன்.

ஏன் அண்ணாச்சி ஒண்ணும் பேச மாட்டேங்கீங்க? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கலையே. பரீட்சைக்குச் செஞ்ச ஒரு சைட்டு. எல்லாருந்தான் டம்மி போடுதாங்க. எவனுக்கும் ஐம்பத்தெட்டு வரல.

என்ன கேக்கீங்க? பிள்ளைக்கு என்ன பேரு விட்டாங்கன்னா?

பேரு…

அங்கதான் இருந்தேன். பக்கத்துலதான் நின்னேன். சீனித்தண்ணியத் தொட்டு நாக்குல வச்சாங்க. காதுல மூணு தடவ சொன்னாங்க. பெறவு எல்லாருக்கும் கேக்கணும்னு அவரு சத்தமாவும் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அப்பம், அவரு என்ட்ட என்ன கேப்பாரு, நான் என்ன சொல்லன்னு நெனச்சுக்கிட்டு நிக்கேன்.

தெரியல அண்ணாச்சி. ஆணா பொண்ணான்னுகூடக் கேக்கல.

கொஞ்சம் கால எடுத்துக்கிடுங்க. பேக்கு மேல இருக்கு, அத எடுத்துத் தாங்க. கண்டக்டர் அண்ணே, அடுத்த ஸ்டாப்புல ஒரு ஆளு எறக்கம்.

பேரக் கேக்கத்தான் போறேன். அத மட்டும் கேட்டுட்டு வந்துரலாம். அவரு என்ன தம்பி திரும்பி வந்துட்டீங்கன்னு கேப்பாரு, கேப்பாருல்லா? அப்பம் வாயில என்ன வருதோ தெரியல. வந்தா சொல்லிருதேன்.